கவலைப்பட்டால் கரு தங்காதா?

நம்பிக்கை: “ஒரே நேரத்துல மூணையும் இழுத்துப் போட்டுக்காதம்மா. வீடு வித்து முடியட்டும், மாமனாருக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் ட்ரீட்மென்ட் பார்த்துக்கலாம். மனசுல கவலை இருந்தா கரு தங்காது.”

உண்மை: இந்த அறிவுரையின் கடைசி வரிக்கு ஆதாரம் கிடையாது. அதை நம்பிச் செயற்கைக் கருத்தரிப்புச் (ஐ.வி.எஃப்.) சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் வயதைத்தான் இழக்கிறார்கள்.

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி பொய்வின் குழுவினர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 14 ஆய்வுகளில் இருந்த 3,583 பெண்களின் தகவல்களைத் தொகுத்தார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே பெண்களின் பதற்றமும் மனச்சோர்வும் அளக்கப்பட்டிருந்தன. அந்தச் சிகிச்சைச் சுற்றில் கருவுற்றவர்களுக்கும் கருவுறாதவர்களுக்கும் அதில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பது 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு. ஆனாலும் நம்பிக்கை சாகவில்லை. காரணம் எளிது: இளம் வயதுப் பெண்களுக்கே கருவைக் கருப்பைக்கு மாற்றும் முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. தோற்றதும் வீட்டார் காரணம் தேடுவார்கள். கவலை என்ற காரணம் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். பழியும் வழக்கம்போல் பெண்ணின் தலையில் விழும். கரு தங்காமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அதன் குரோமோசோம் கோளாறு. பெண்ணின் வயது கூடக்கூட அது அதிகமாகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுததால் அது வருவதில்லை.

மன அழுத்தம் உடம்பைப் பாதிக்கும் என்று டாக்டர்களே சொல்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குழந்தைக்கு முயன்ற 501 தம்பதியரைப் பின்தொடர்ந்து, எச்சிலில் அழுத்தத்தைக் காட்டும் ஆல்ஃபா அமைலேஸ் என்சைம் மிகுந்திருந்த பெண்கள் கருவுறத் தாமதமானதைக் கண்டது. ஆனால் அவர்கள் இயல்பாகக் கருத்தரிக்க முயன்றவர்கள். ஐ.வி.எஃப். முறையில் முட்டையை வளர்ப்பது ஊசி மருந்து, விந்தோடு சேர்ப்பது ஆய்வகம். அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. கவலை இந்தச் சிகிச்சையைக் கெடுக்கும் வழி வேறு: அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடச் செய்யும், மருந்து நேரத்தைத் தவறவிடச் செய்யும். முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசி பெரும்பாலும் இரவில் போடப்படுகிறது. சுமார் 34 முதல் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பார்கள். அந்த இரவு மாமனாருக்குத் துணையாக ஐ.சி.யூ. வாசலில் இருக்கும் பெண்ணை மாற்றிவிட இன்னொரு ஆள் வர வேண்டும். “டென்ஷன் ஆகாதே” என்று போனில் சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தள்ளிப்போடுவதே தவறா என்றால், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. முட்டை இருப்பு குறைந்த பெண்களை வைத்து நியூயார்க்கில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டரை முதலில் பார்த்த மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களுக்கும் அடுத்த மூன்று மாதத்தில் தொடங்கியவர்களுக்கும் குழந்தைப்பேற்றில் வித்தியாசம் இல்லை. வருடக்கணக்கு வேறு. பிரிட்டனின் 2019-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, சொந்த முட்டையில் உருவான கருவை மாற்றும்போது குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே 32 சதவீதம். 43-க்கு மேல் 5 சதவீதத்துக்கும் குறைவு. நம் ஊரில் வீட்டு விற்பனை ஆறு மாதத்தில் முடியும் என்று யார் உத்தரவாதம் தருவது? தாய்ப்பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், வாரிசுகளில் ஒருவர் துபாயில் இருப்பார், வாங்குகிறவரின் வங்கிக் கடன் இழுத்தடிக்கும். நடுவே ஆடி வரும், மார்கழி வரும். மாமனார் தேறட்டும் என்று காத்திருந்தாலோ, டயாலிசிஸுக்கும் மறதிநோய்க்கும் முடியும் தேதியே கிடையாது.

மூன்றில் எதை வளைக்கலாம் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். முட்டை எடுத்துக் கருவை உறையவைத்துவிட்டால், மாற்றுவதை வீட்டு நிலவரம் பார்த்துப் பிறகு வைத்துக்கொள்ளலாம். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் கருவைப் பத்து ஆண்டுகள் வரை சேமிக்க அனுமதிக்கிறது. கிரய ஒப்பந்தத்தில் கெடுவைப் பேசிக் கூட்டி எழுதலாம். பெரியவர் பெயரில் வீடு இருந்து, அவரால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால், பதிவுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு அவர் இருக்கும் இடத்துக்கே அதிகாரி வர வழி செய்கிறது. பவர் பத்திரமும் எழுதலாம். ஆனால் இவை எல்லாம் அவர் நினைவோடு இருக்கும்வரைதான். நினைவு தப்பிவிட்டால் பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம் போக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவரும் செல்லாது. ஆகவே பெரியவர் விஷயத்தில் அவசரம் காட்ட வேண்டியது காகித வேலையில்.

பணம் இல்லை, உடம்பு ஓய்ந்துவிட்டது, இப்போது முடியாது என்று ஒரு தம்பதி சிகிச்சையை நிறுத்தி வைத்தால் அது போதுமான காரணம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கவலை கருவைக் கொன்றுவிடும் என்ற பயத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். தொடர்வதானால், முட்டை எடுக்கும் நாளிலும் மறுநாளிலும் பத்திரப்பதிவு வைக்காதீர்கள்: மயக்க மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குச் சட்ட ஆவணங்களில் கையெழுத்திட வேண்டாம் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.