மரபியலின் அறிவுப் பகுப்பும் விலங்கியல் வகைப்பாடும்

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. இப்பகுப்பை இன்றைய விலங்கியல் வகைப்பாட்டின் முன்னோடியாகக் கூறுவார் உளர். இரண்டும் ஒரே அடிப்படையில் அமைந்தனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவு என்னும் அளவுகோல்

தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல், மனத்தால் அறிதல் என்பது மரபியல் காட்டும் வரிசை. ஒவ்வொரு படியும் முந்தைய அறிவுகளை உள்ளடக்கி ஒன்றைக் கூடுதலாகப் பெறுகிறது. ஓரறிவுக்குப் புல், மரம்; ஈரறிவுக்கு நத்தை முதலியன; மூவறிவுக்குக் கறையான், எறும்பு; நாலறிவுக்கு நண்டு, தும்பி ஆகியவை எடுத்துக்காட்டுகள். எனவே இது ஏணி போன்ற அமைப்பு. புலனாற்றலே இதன் அளவுகோல்.

உடலமைப்பு என்னும் அளவுகோல்

லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பில் விலங்குகளைப் பாலூட்டி, பறவை, இருவாழ்வி, மீன், பூச்சி, புழு என ஆறு வகுப்புகளாக்கினார். இதயம், குருதி, மூச்சுறுப்பு முதலியன அவருக்கு அடையாளங்களாயின. பின்னர்ப் பரிணாம உறவு வகைப்பாட்டின் அடிப்படையாயிற்று. இன்றைய வகைப்பாடு கிளைக்குள் கிளையாக விரியும் மரம் போன்றது. இதன்படி நத்தை மெல்லுடலி. கறையான், எறும்பு, நண்டு, தும்பி ஆகிய நான்கும் புறச்சட்டகமும் கணுக்களுடைய கால்களும் கொண்ட கணுக்காலிகள். அவற்றுள் எறும்பும் தும்பியும் ஆறு கால்களுடைய பூச்சிகள், நண்டு ஓட்டுடலி. மரபியலோ எறும்பை விடுத்து நண்டையே தும்பியோடு சேர்க்கிறது. உடலமைப்பை நோக்கியிருப்பின் இவ்வாறு சேர்த்திருக்க இயலாது.

இளமைப் பெயர்கள் தரும் சான்று

பறப்பனவற்றின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை மரபியல் தவழ்வனவற்றிற்கும் உரியனவாக்குகிறது. பறவைகள் ஊர்வனவற்றின் கால்வழியில் தோன்றியவை என்னும் இன்றைய கருத்தோடு இதனை இணைத்துக் காணத் தோன்றும். ஆயின் அதே பெயர்கள் மரக்கிளையில் வாழும் குரங்கின் குட்டிக்கும் கூறப்படுகின்றன. குரங்கு பாலூட்டி. ஆகவே இப்பெயர்கள் பிறப்புறவைச் சுட்டுவன அல்ல. வழக்கில் நிலைத்த சொல்லுரிமையைச் சுட்டுவன. இயலின் பெயரே இதற்குச் சான்று.

முடிவுரை

மரபியல் உயிர்களின் அறியும் ஆற்றலையும் அவற்றைக் குறிக்கும் சொல்மரபையும் வகுத்துரைக்கிறது. விலங்கியல் உடலமைப்பையும் கால்வழியையும் ஆராய்கிறது. நோக்கம் வேறாதலின், ஒன்றை மற்றொன்றின் முன்னோடி என்பது பொருந்தாது. மரங்களையும் மனிதரையும் அறிவு என்னும் ஒரே கோட்டில் நிறுத்திக் கண்டதே மரபியலின் தனிச்சிறப்பு. அச்சிறப்பு விளங்குவதற்குப் பிற்கால அறிவியலின் சான்றிதழ் வேண்டுவதில்லை.