லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? ஓசூர் மேட்டில் ஒரு கணக்குப் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவர்களுக்கு வண்டிகளைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூரிலிருந்துதான். அதே ஆண்டில் அசோக் லேலண்டும் இங்கே லாரித் தொழிற்சாலையைத் தொடங்கியது. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பல பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஆலைகளிலும், இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளிலும் வேலை பார்க்கிறார்கள். “எவ்வளவு மைலேஜ் தருது?” என்ற கேள்வி தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என வீட்டில் எந்த மொழி பேசும் பிள்ளைக்கும் புரியும்.

அந்தக் கேள்விக்குள் விகிதம், சராசரி, ஆற்றல் மூன்றும் இருக்கின்றன. பெரியவர்களும் தவறவிடும் ஒரு கணக்குப் பொறியும் இருக்கிறது. மூன்று பாடவேளைகளில் இதை நடத்தலாம்.

எடுத்துக்காட்டு: ஒரு சிறிய சொகுசு கார்

பெங்களூரு நெடுஞ்சாலையில் விரையும் சொகுசு கார்களின் பின்புறத்தில் ‘குவாட்ரோ’, ‘எக்ஸ்டிரைவ்’, ‘4மேட்டிக்’ என்று எழுதியிருப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பெயர் வேறானாலும் பொருள் ஒன்றுதான்: என்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி நிறுவனம் அறிமுகப்படுத்திய குவாட்ரோ கார், இந்த முறையைச் சாலைக் கார்களில் பரவலாக்கியது.

வழுக்கும் சாலையில் இது பாதுகாப்பு தரும். ஆனால் இரு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் காரைவிடக் கூடுதலாக ஒரு நீண்ட தண்டு, பற்சக்கரப் பெட்டி, அச்சுகள் எல்லாம் தேவை. எடை சுமார் 50 முதல் 100 கிலோ வரை கூடுகிறது. சுழலும் பாகங்கள் கூடுவதால் உராய்வும் கூடுகிறது. இவற்றில் எது அதிக எரிபொருளைக் குடிக்கிறது? முதலில் மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு கணக்கிடுவோம்.

மேடு ஏறும் கணக்கு

கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூர் சுமார் 900 மீட்டர். இடையே சூளகிரி வழியாக ஏறத்தாழ 50 கி.மீ. தூரம், 400 மீட்டர் ஏற்றம்.

ஆட்களுடன் சேர்த்துக் காரின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 400 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 1,700 × 9.8 × 400, அதாவது சுமார் 67 லட்சம் ஜூல்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. என்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், பயன்படுவது 80 லட்சம் ஜூல். மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, மேடு ஏறுவதற்கு மட்டும் 67 ÷ 80 = சுமார் 0.83 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது.

இப்போது கூடுதல் பாகங்களின் எடையை 75 கிலோ எனக் கொண்டு அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். விடை சுமார் 37 மில்லி லிட்டர். ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை! நான்கு சக்கர இயக்கம் எரிபொருளைக் கூட்டுவதற்கு இந்த ஏற்றம் முக்கியக் காரணமல்ல என்பது தெரிந்துவிடும். சமதளத்திலும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தொடரும் உராய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவையில்லாத நேரத்தில் பின்சக்கர இணைப்பைத் தானே துண்டிக்கும் கிளட்ச் இப்போதைய பல கார்களில் இருப்பது இதனால்தான்.

சராசரி என்னும் பொறி

இந்தக் கார் சமதளத்தில் லிட்டருக்கு 12 கி.மீ. தருகிறது என்று கொள்வோம். 50 கி.மீ.க்கு 4.17 லிட்டர். ஓசூருக்கு ஏறும்போது 0.83 கூட்டினால் 5 லிட்டர்; மைலேஜ் 10. இறங்கும்போது பிரேக் போடாமல் வந்தால் அதே 0.83 லிட்டர் மிச்சம், செலவு 3.33 லிட்டர், மைலேஜ் 15.

போக 10, வர 15. மொத்தப் பயணத்தின் சராசரி மைலேஜ் என்ன? வகுப்பில் பெரும்பாலானோர் 12.5 என்பார்கள். அவர்களைத் திருத்த வேண்டாம். மொத்தத் தூரம், மொத்த பெட்ரோல் இரண்டையும் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். 100 கி.மீ., 8.33 லிட்டர். வகுத்தால் 12.

அரை கிலோமீட்டர் எங்கே போனது? 10-ஐயும் 15-ஐயும் கூட்டி இரண்டால் வகுப்பது, இரு பக்கமும் ஒரே அளவு பெட்ரோல் செலவானால்தான் பொருந்தும். இங்கே சமமாக இருப்பது தூரம். “கூட்டி வகுத்தால் சராசரி” என்று மனப்பாடம் செய்த பிள்ளை, எதைக் கூட்டுகிறோம், எதால் வகுக்கிறோம் என்று முதன்முறையாக நின்று யோசிக்கும் இடம் இது. இதே தவறு வேகக் கணக்கிலும் வரும்.

தலைகீழாக்கிப் பார்ப்போம்

ஒருவர் 10 கி.மீ. தரும் காரை விட்டு 12 தரும் காருக்கு மாறுகிறார். இன்னொருவர் 50 தரும் மொபெட்டை விட்டு 70 தருவதற்கு மாறுகிறார். இருவரும் ஒரே தூரம் ஓட்டுகிறார்கள். யாருக்கு அதிக பெட்ரோல் மிச்சம்?

20 கூடியதால் மொபெட் என்றே தோன்றும். 100 கி.மீ.க்குக் கணக்கிட்டால், கார் 10 லிட்டரிலிருந்து 8.33-க்கு இறங்குகிறது, மிச்சம் 1.67 லிட்டர். மொபெட் 2 லிட்டரிலிருந்து 1.43-க்கு, மிச்சம் 0.57 லிட்டர்தான். 2008-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஐரோப்பிய நாடுகளில் ‘100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்’ என்றே எழுதுவது வழக்கம்.

ஆளுக்கு எவ்வளவு?

கடைசிக் கணக்கை மாணவர்களிடமே விடுங்கள். லிட்டருக்கு 4 கி.மீ. தரும் பேருந்தில் 50 பேர். 12 தரும் காரில் ஒருவர். 50 தரும் மொபெட்டில் ஒருவர். 100 கி.மீ. பயணத்தில் ஆளுக்கு எத்தனை லிட்டர்? பேருந்தில் அரை லிட்டர், மொபெட்டில் 2 லிட்டர், காரில் 8.33 லிட்டர். மைலேஜில் கடைசி இடத்தில் இருந்த வண்டி முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. பேருந்தில் 10 பேர் மட்டும் இருந்தால்? காரில் நால்வர் போனால்? கேள்விகளை அவர்களே தொடர்வார்கள்.

எந்த வகுப்புக்கு எது?

தொடக்க வகுப்புகளில் பெட்ரோல் வேண்டாம், தண்ணீர் போதும். பேருந்து, கார், மொபெட் மூன்றுக்கும் ஆளுக்குரிய அளவைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி (50, 833, 200 மி.லி.) அளவுக் குவளையால் பாட்டில்களில் நிரப்பி வரிசையாக வைக்கலாம். ஏழாம் வகுப்பில் நேர், எதிர் விகிதங்களோடும் சராசரியோடும் இதை இணைக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆற்றல் கணக்கைச் செய்யலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் அதே காரை நிறுத்தி மீண்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று கேளுங்கள். சுமார் 30 மி.லி. வரும். அத்திப்பள்ளி நெரிசலில் 28 முறை அப்படி நின்று கிளம்பினால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு மேடேறிய செலவு ஆகிவிடும்.

வீட்டுப்பாடமாக, வீட்டு வண்டியின் டேங்கை நிரப்பிய நாளிலிருந்து அடுத்த முறை நிரப்பும் நாள் வரை ஓடிய தூரத்தையும், அப்போது ஊற்றிய லிட்டரையும் குறித்துவரச் சொல்லலாம். வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் வரும் பேருந்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணி வரட்டும். ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்குக்கு அந்த எண் இல்லாமல் முடியாது. அவர்களுடைய குறிப்பும் கரும்பலகையில் ஏறட்டும்.