ஊர்க் கிணறும் நாட்டுச் சட்டமும்



சட்டம் என்றால் போலீஸ், கோர்ட்டு, சிறைச்சாலை என்றே பலர் எண்ணுகிறார்கள். ஊர்க் கிணற்றில் யார் வாளி விடலாம் என்பதும் சட்டத்தின் காரியந்தான். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் 17-ம் ஷரத்தால் தீண்டாமையை ஒழித்தது. தண்டனை இன்னதென்று அதில் சொல்லவில்லை. அதை 1955-ம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. கிணறு, குளம், பாதை, கடை, இடுகாடு இவற்றில் தீண்டாமை பாராட்டி ஒருவரைத் தடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணமுள்ளவனுக்கு அபராதம் ஒரு தண்டனையா? 1976-ம் வருஷத்துத் திருத்தம் அந்த வழியை அடைத்து, குறைந்தது ஒரு மாதச் சிறையும் உண்டென்றது.

“வேறு காரணத்துக்காகத் தடுத்தேன்” என்று குற்றவாளி சாதித்தால்? தடுக்கப்பட்டவர் அட்டவணைச் சாதியாரானால், தீண்டாமையே காரணமென்று கோர்ட்டு அனுமானிக்கும். அல்லவென்று நிரூபிப்பது தடுத்தவன் பொறுப்பு. நியாயந்தான். பிறர் மனதிலிருப்பதற்கு ஏழை எங்கே சாட்சி தேடுவான்?

ஆனால் 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவர்கள் அட்டவணைச் சாதியில் சேர்வதில்லை. ஆகவே இந்த அனுகூலம் நம் சகோதரருக்குக் கிட்டாது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு; வெட்கத்தோடு எழுதுகிறேன். அங்கே தடுத்தவனும் கிறிஸ்தவன், தடுக்கப்பட்டவனும் கிறிஸ்தவன்.