அடைத்த கதவும் ஆற்றுப்படையும்

நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் ஓர் அட்டில் காட்டப்படுகிறது. அண்மையில் ஈன்ற நாய் அங்கே குட்டிகளோடு கிடக்கிறது. சிதல் அரித்த பழஞ்சுவரின் பூழியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கொய்து வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்ப்பாரோ என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அவள் அடைத்த கதவே இக்கட்டுரையின் தொடக்கம். வறுமை தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. கேட்க நாணும் ஏழையரை, அறியாதார் செல்வர் என்றே எண்ணிவிடுவர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 273ஆம் வசனத்திலும் காண்கிறோம்.

அக்கதவைத் திறப்பவர் யார்? அரசனுடைய அலுவலர் அல்லர். வறுமையைத் தாமே நுகர்ந்த மற்றொரு பாணரே. பரிசில் பெற்றுத் திரும்புபவர், பெறாதவரை எதிர்ப்பட்டு, வழியும் வள்ளலின் இயல்பும் கூறி அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. ஏழைக்கு ஏழை வழிகாட்டும் இம்மரபை இன்றைய மொழியில் தன்னார்வத் தொண்டு எனலாம்.

இனி நம் மலைச்சரிவை நோக்குவோம். முந்தலிலிருந்து போடிமெட்டுவரை 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து இவ்வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். பொழுது சாயும்போதுதான் அவர்கள் மீள்கின்றனர். காய் பறிப்பு ஓய்ந்த கோடையில் வேலை நாள்கள் குறைகின்றன. நண்பகலில் கணக்கெடுக்க வருவோர் இவர்கள் வீட்டில் காண்பது பூட்டிய கதவையே. அன்று நாணம் அடைத்த கதவை, இன்று உழைப்பு பூட்டி வைத்திருக்கிறது.

பல்பரிமாண வறுமையில் உள்ளோர் தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினரே என்று, 2019-21 ஆய்வுத் தரவுகளைக் கொண்டு நிதி ஆயோக் கணித்தது. பெருமைக்குரிய எண்தான். ஆயினும் எண் சிறுத்தால் எஞ்சியோரைத் தேடும் பொறுப்பு பெருக்கவேண்டும். ஏனெனில் அவர்கள் எளிதில் கண்ணிற் படாதவர்கள்.

தேடும் வழிக்கு முன்னோடிகள் உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில் ஊர் இளைஞரும் பெண்களும் ஊதியமின்றிப் பாடம் நடத்தினர். வீதி நாடகமும் பாட்டும் மக்களை ஒன்றுகூட்டின. எழுத்தறிந்த பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகக் கூடிக் குவாரிக் குத்தகையும் பெற்றனர். தம் வறுமை தலைவிதியன்று என்று அவர்கள் உணர்ந்ததே அவ்வியக்கத்தின் பெரும் பயன்.

மலைக்கு அப்பால் கேரளத்தில், குடும்பஸ்ரீ 1998இல் தோன்றுமுன்பே, ஆலப்புழையில் அண்டைவீட்டுப் பெண்கள் கூடி ஒன்பது அடையாளங்களால் ஏழைக் குடும்பங்களை இனங்கண்டனர். வீட்டின் நிலை, கழிப்பறை, குடிநீர், ஈட்டுவோர் எண்ணிக்கை முதலியவை அவற்றுட் சில; நான்கு பொருந்தினால் அக்குடும்பம் ஏழைக் குடும்பம். பின்னர் 2021இல் தொடங்கிய திட்டத்தில் உணவு, உடல்நலம், வருவாய், உறைவிடம் ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு 64,006 குடும்பங்கள் கண்டறியப்பட்டன. கடும் வறுமை நீங்கியதாக 2025 நவம்பர் 1இல் அம்மாநிலம் அறிவித்தது. அக்கணக்கு முறையைப் பொருளியல் அறிஞர் சிலர் ஐயுற்று வினவியதும் உண்டு. எனினும் குடும்பந்தோறும் தேடிச்சென்ற முறை போற்றத்தக்கதே.

ஆயின் ஒரு வினா எஞ்சுகிறது. பகலில் ஒரு மாநிலத்திலும் இரவில் மற்றொரு மாநிலத்திலும் வாழும் ஏலத் தோட்டப் பெண்ணை எந்தப் பட்டியல் ஏற்கும்? உழைக்கும் இடத்தில் அவள் வெளியூராள். உறங்கும் இடத்தில் பகலெல்லாம் இல்லாதவள். இவ்விடைவெளியை நிரப்பத்தக்கவர், அவள் தெருவிலேயே வாழும் நாம்தாம்.

மாணவச் செல்வங்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விளக்கேற்றும் வேளையில் செல்லுங்கள். அப்போதுதான் கதவு திறந்திருக்கும். இருவர் மூவராய், பெண்களையும் உடனழைத்துச் செல்லுங்கள். நிழற்படம் எடுக்காதீர்கள், கிணைமகளின் நாணத்தை நினையுங்கள். குடும்ப அட்டை, முதியோர் ஓய்வூதியம், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் எது தடைப்பட்டது எனக் கேளுங்கள். விண்ணப்பத்தைப் படித்துக் காட்டி, உரிய அலுவலகத்திற்கு உடன் செல்லுங்கள். ஊர்ப் பெரியோர் தங்கள் சொல்லால் துணைநிற்க வேண்டுகிறோம்.

ஆற்றுப்படையைத் தேர்வுக்காகப் படித்தோர் பலர். அதனை ஒருமுறையேனும் தம் தெருவில் நடத்திப் பார்ப்பவரே அதனைக் கற்றவர் ஆவர்.