முதுமையில் நோக்கமும் உடலியக்கமும்: அரூர்த் தேர்வர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

1. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் – 2007. மூத்த குடிமகன் என்பவர் 60 வயது நிறைந்தவர்.

2. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: இந்தியாவில் முதியோர் சுமார் 10.4 கோடி (8.6 சதவீதம்). தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். ஒரே எண் இரண்டு இடத்தில் வருகிறது. கோடியா, சதவீதமா என்று பார்த்து விடையைக் குறிக்கவும்.

3. அதே கணக்கெடுப்பில் ஊரக ஆண் முதியோரில் 66 சதவீதமும் பெண்களில் 28 சதவீதமும் உழைப்பவர்கள். இரண்டாவது எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். மகனும் மருமகளும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்க, சோறாக்கி, பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் அரூர்ப் பாட்டியின் பாடு கணக்கெடுப்பில் வேலையாக வராது.

4. உளவியலாளர் கரோல் ரிஃப் 1989-இல் உளநலத்துக்கு ஆறு கூறுகள் வகுத்தார்: தன்னை ஏற்றல், நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளும் திறன், வாழ்வின் நோக்கம், தன்வளர்ச்சி.

5. மிக முக்கியம்: நோக்கத்துக்கும் உடலியக்கத்துக்கும் உள்ள தொடர்பு இருவழிப் பாதை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்து, அய்ஷே எமிஷிகில், இவோ விலேவ் இருவரும் 2021-இல் வெளியிட்ட முடிவு இது. நோக்கம் மிகுந்தவர்கள் பின்னாளில் கூடுதலாக இயங்கினர்; கூடுதலாக இயங்கியவர்களிடம் பின்னாளில் நோக்கமும் மிகுந்திருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. ஆகவே "நோக்கமே காரணம்" என்று விடைத்தாளில் அடித்து எழுதக் கூடாது.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தாத்தாவிடம் "வாக்கிங் போங்க" என்றால் நகர மாட்டார். "ஆட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு வாங்க" என்றால் தொரட்டியோடு கிளம்பிவிடுவார். தீர்த்தமலையில் முழங்கால் வலியோடு மேல்கோயிலுக்குப் படியேறும் அம்மாக்களும் அப்படித்தான். உடற்பயிற்சி என்று சொல்லியிருந்தால் பாதியில் திரும்பியிருப்பார்கள். "உங்களுக்கு வயசாச்சு, சும்மா உட்காருங்க" என்று அன்பாக ஆட்டை விற்றுவிடும் பிள்ளைகள், அவர்கள் நடப்பதற்கான காரணத்தையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்கள். இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

6. ஆனால் பசிக்காக 75 வயதில் வெயிலில் கூலிக்குக் குனிவது நோக்கம் ஆகாது. அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையையும் முதுமையில் அரசு உதவி பெறும் உரிமையையும் ஒன்றாகவே பேசுகிறது. இரண்டும் இருந்தால்தான் முதியவர் தானாக விரும்பி உழைக்க முடியும். முதன்மைத் தேர்வுக் கட்டுரையில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதவும்.

7. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டல், 65 வயதுக்கு மேல்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், தசைவலுப் பயிற்சி 2 நாள், கீழே விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி 3 நாள். கடைசியைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

8. ஆளுமைகள்: தேக்கம்பட்டி பாப்பம்மாள், இயற்கை விவசாயி. நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கியவர். பத்மஸ்ரீ 2021, மறைவு செப்டம்பர் 2024. கோவை நானம்மாள், யோகா ஆசிரியர். பத்மஸ்ரீ 2018, மறைவு அக்டோபர் 2019, வயது 99. இருவருமே தம் வேலைக்கு ஓய்வு வயது வைத்துக்கொள்ளவில்லை.

9. மக்களைத் தேடி மருத்துவம்: தொடக்கம் 5 ஆகஸ்ட் 2021, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி (2004 வரை நம் தருமபுரி மாவட்டப் பகுதி). ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும். ஐ.நா. விருது 2024.

10. முதியோர் உதவி எண் 14567. சர்வதேச முதியோர் நாள் அக்டோபர் 1, ஐ.நா. பொதுச்சபை அறிவித்த ஆண்டு 1990.