மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்

நம் அங்கத்தினருள் வீட்டு முற்றத்தைத் தவிர வேறு நிலமில்லாதோர் பலர். தொட்டியில் மீனும், அதன் நீர் பாயும் ஜல்லிப் பாத்தியில் கீரையும், மண்ணின்றி, கடை உரமின்றி வளர்க்கும் முறையை விளக்குமாறு அவர்களிற் சிலர் கேட்டுள்ளனர். முதலில் நாம் பட்ட நஷ்டத்தைச் சொல்லிவிடுவது நலம். நாம் வைத்த முதல் தொட்டியில் அன்றே மீனை விட்டோம். அன்றே கீரையையும் நட்டோம். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. இரண்டாம் வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன; மூன்றே நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

குற்றம் மீனிடத்தில் இல்லை. நீர் பக்குவப்படாததே காரணம். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கிறது. அது மீனுக்கே நஞ்சு. கல்லிலும் குழாயிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இந்த நைட்ரேட்டே செடிக்கு முதன்மையான உணவு. இவ்விரு கூட்டமும் பெருகி நிலைக்க மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அவுரித் தாழி வைத்தறிந்த சாயக்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாழி புளித்துப் பதம் வருமுன் நூலைத் தோய்ப்பாருண்டோ?

ஆகவே மீனில்லாத் தொட்டியில் நீரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் இட்டு அழுகவிடுக. குழாய் நீராயின் குளோரின் நீங்க இரண்டு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துக. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தால் நீரைப் பார்த்து வந்தால், அம்மோனியா ஏறி இறங்கும். பின் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் ஏறக்குறைய இல்லை என்றாகி, நைட்ரேட் தோன்றிய பின்னரே மீனை விடலாம். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, பழகிய தொட்டி வைத்திருக்கும் அங்கத்தினரிடம் நோயற்ற பாத்தியின் ஜல்லியில் இரண்டு கூடை வாங்கி இட்டால் நாட்கள் குறையும். பாத்திக்கு முக்கால் அங்குல ஜல்லி போதும். அதன்மேல் வினிகரைச் சொட்டுக. நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தள்ளிவிடுக.

இனி அளவு. இம்முறையில் உரமாவது மீன் தீவனமே. கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது கணக்கு. மீன் தன் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு உண்ணும். எனவே ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு மூன்று நான்கு கிலோ மீன் போதுமானது. 1,000 லிட்டர் நீரில் 20 கிலோவுக்கு மேல் வைக்கும் ஆசை வேண்டா. அரை மணியில் தின்னாது மிஞ்சிய தீவனத்தை எடுத்துவிடுக. ஜிலேபிக் கெண்டை உறுதியான மீன். ஆயினும் அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி பெற வேண்டும்.

தீவனம் எல்லாச் சத்தையும் தருமா? கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரகோசி 1980-களில் தொடங்கிப் பல ஆண்டு இதனை ஆராய்ந்தார். நன்னீர் அருமையான அத்தீவில் அவர் திலேப்பியா மீனோடு வெண்டையும் துளசி இனச் செடியும் வளர்த்தார். செடிக்கு வேண்டிய சத்துக்களுட் பெரும்பாலானவற்றைத் தீவனமே தருகிறது. சுண்ணாம்பு, பொட்டாசியம், இரும்பு ஆகிய மூன்று மட்டும் குறைகின்றன என்று அவர் கண்டார். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் இரும்புக் குறைவு. கிலேட் இரும்பை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுக. நாளடைவில் நீர் புளிப்பேறும். அப்போது நீற்றுச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் புளிப்பும் தணியும், சுண்ணாம்புச் சத்தும் சேரும். உப்புக் கடினமுள்ள கிணற்று நீர் உடையோர் இதில் அவசரப்பட வேண்டா.

இயற்கைப் பொருள் எதுவும் தீங்கு செய்யாது என்ற எண்ணம் இத்தொட்டியில் செல்லாது. சாணக் கரைசலை ஊற்றினால் நீரின் பிராணவாயு குறைந்து மீன் திணறும்; பச்சையாய் உண்ணும் இலைக்கு நோய்க்கிருமியும் சேரும். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல் நீரில் வழிந்தால் மீனுக்குக் கேடு. மயில்துத்தம் சேர்ந்த மருந்தோ சொல்லவே வேண்டுவதில்லை. அசுவினியைக் கையால் துடைப்பதும், பழுத்த இலையைக் கிள்ளுவதுமே நமக்குள்ள வைத்தியம்.

மின்சாரம் நின்றால் நெரிசலான தொட்டியில் மீன் சில மணி நேரமே தாங்கும். பாட்டரியில் இயங்கும் சிறு காற்றுக் கருவி ஒன்றை மீன் வாங்கும் முன்னரே வாங்குக. அது கைவசம் இல்லாத இரவில் நாம் குடத்தால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். விடியும்வரை முறை வைத்து ஊற்றியதில் இரண்டாம் தொட்டி மீன்கள் பிழைத்தன.