தொட்டால் கலைவதை எப்படி அளப்பது?

கேள்வி: குவாண்டம் நிலையை அளந்ததுமே அதன் ஓரியல் தன்மை போய்விடும் என்கிறார்கள். அப்புறம் அது எவ்வளவு இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படமாக எப்படிக் காட்டுகிறார்கள்?
– இளங்கலை இயற்பியல் மாணவி

பதில்: ஒரே ஒரு முறை அளந்து சொல்லவே முடியாது. அதே நிலையைத் திரும்பத் திரும்பத் தயாரித்து ஆயிரக்கணக்கில் அளக்க வேண்டும். அதுவும் போதாது, அளப்பதற்கு முன் என்ன செய்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

இரண்டு பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி 0, 1 இரண்டும் சரிபாதியாக மேற்பொருந்திய க்யூபிட்களைத் தருகிறது. இரண்டாவது பூவா தலையா போட்டு, 0 அல்லது 1 தருகிறது. நேராக அளந்தால் இரண்டிலுமே ஆயிரத்துக்குச் சுமார் 500 தடவை 0 வரும். வித்தியாசமே தெரியாது. இப்போது அளப்பதற்குச் சற்று முன் சரியான திசையில் ஒரு கால் சுற்றுத் திருப்புங்கள். (ஆய்வகத்தில் இதற்கு ஒரு மைக்ரோஅலைத் துடிப்பு போதும்.) முதல் பெட்டியின் க்யூபிட்கள் கருவிப் பிழை போக அத்தனையும் ஒரே பக்கம் விழும். இரண்டாவதில் அதே பாதிக்குப் பாதிதான்.

திருப்பும் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் 0 வரும் நிகழ்தகவு அலைபோல ஏறி இறங்கும். இவைதான் ராம்சே பட்டைகள். உச்சம் 90 சதவீதம், தாழ்வு 10 சதவீதம் என்றால் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 0.8. யங் இரட்டைப் பிளவில் பட்டைகளின் தெளிவுக்குப் போடும் அதே கணக்கு. க்யூபிட்டின் நிலையை ஓர் அம்பாகக் காட்டும் ப்ளாக் கோளத்தில் அம்பின் முனை செங்குத்து அச்சிலிருந்து தள்ளி நிற்கும் தூரமும் இதே 0.8. அதே நிலையை எண்களாக எழுதும் அடர்த்தி அணியில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள இரண்டு உறுப்புகளின் மட்டு மதிப்பு தலா 0.4, கூட்டினால் மறுபடி 0.8. பவும்கிராட்ஸ், கிரேமர், ப்ளெனியோ மூவரும் 2014-இல் முன்வைத்த அளவுகளில் ஒன்று இந்தக் கூட்டல்தான். ஒன்றை மறக்காதீர்கள்: எந்த அடிப்படையில் பார்க்கிறோம் என்பதை மாற்றினால் இந்த எண்ணும் மாறும்.

தயாரித்த பின் திருப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் அம்பு அச்சை நோக்கிச் சுருங்கும். 1999-இல் ஜப்பானில் நாகமுரா குழுவின் மீக்கடத்திக் க்யூபிட்டில் ஓரியல் தன்மை ஓரிரு நானோ நொடிக்கே தாங்கியது. இன்றைய நல்ல சில்லுகளில் நூறு மைக்ரோ நொடியைத் தாண்டுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது 2008-இல் பாரிஸில் செர்ஜ் அரோஷ் குழு எடுத்த படங்கள். கண்ணாடிகளுக்கிடையே சிறைப்பட்ட மைக்ரோஅலையின் நிலையைக் காட்டும் விக்னர் வரைபடங்கள் அவை. மேற்பொருந்திய இரண்டு நிலைகளுக்கு இரண்டு குன்றுகள், நடுவே ஓரியல் தன்மையின் அடையாளமாக மேலும் கீழுமாகச் சிற்றலைகள். சில பத்து மில்லி நொடிகளில் சிற்றலை அடங்கிவிடுகிறது. குன்றுகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன, நம் இரண்டாவது பெட்டியைப்போல.